தீக்காயத்துக்கு வீட்டில் என்ன செய்வது: தண்ணீர், ஐஸ், களிம்பு, கட்டு – ஓர் ஒப்பீடு

கெட்டிலில் கொதித்த நீர் என் இடது முன்கையில் கொட்டிய மறு நிமிடமே வீட்டில் மூன்று யோசனைகள் பிறந்துவிட்டன. ஒருவர் ஐஸ் கட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஒருவர் பற்பசையைப் பிதுக்கத் தயாராக நின்றார். இன்னொருவர் அலமாரியில் பாதி தீர்ந்து கிடந்த வெள்ளைக் களிம்பைத் தேடிக்கொண்டிருந்தார். மூவருக்கும் என் வலியைக் குறைக்க வேண்டும் என்ற பதற்றம்தான். நான் அவர்களைத் தாண்டிப் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டினேன். அந்த முடிவு சரியாக அமைந்தது. அடுத்த நாள் எடுத்த ஒரு முடிவு தவறிப்போனது, அதையும் சொல்கிறேன்.

தீக்காயம் என்றதும் எல்லோரும் கேட்பது "என்ன மருந்து போடுவது?" என்றுதான். உண்மையில் அது மூன்றாவது கேள்வி. தோலில் ஏறிய சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பது முதல் கேள்வி. இதை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் சரியான விடை கிடைத்துவிட்டால் மூன்றாவதில் பெரிய குழப்பம் இல்லை. புண்ணை எந்தக் கட்டு குறைவாகத் தொந்தரவு செய்கிறதோ அதுவே நல்ல கட்டு.

முதல் இருபது நிமிடம்

சுட்ட பொருள் விலகியதும் சூடும் போய்விடுவதில்லை. தோலுக்குள் ஏறிய வெப்பம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற இரண்டும் சேர்ந்துதான் காயத்தின் ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். 60 டிகிரி செல்சியஸில் மேல்தோல் முழுதாக அழிவதற்கு ஏறத்தாழ 5 விநாடி போதும். 44 டிகிரியில் அதற்கு 6 மணி நேரம் ஆகும். தோலின் சூட்டை எவ்வளவு சீக்கிரம் இறக்குகிறோமோ அவ்வளவு தோல் மிஞ்சும்.

தீக்காயத்தை மூன்று வளையங்களாகப் பார்க்கக் கற்றுத்தந்தவர் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர். நடுவில் இருப்பது இறந்துபோன திசு. வெளி ஓரத்தில் இருப்பது சிவந்து, தானாகவே தேறிவிடும் திசு. இரண்டுக்கும் இடையில் ரத்த ஓட்டம் மந்தமாகி, பிழைக்குமா போகுமா என்று ஊசலாடும் ஒரு வளையம் இருக்கிறது. அதன் கதி அடுத்த இரண்டு மூன்று நாட்களில்தான் முடிவாகும். வீட்டில் நாம் செய்கிற நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த இடை வளையத்தின் மேல்தான் விழுகின்றன.

குழாயில் ஓடும் குளிர்ந்த நீர் அந்த வளையத்தைக் காப்பாற்றுகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளின் வழிகாட்டிகள் 20 நிமிடம் என்கின்றன. கையை நீரில் வைத்துக்கொண்டு நின்று பாருங்கள், இருபது நிமிடம் எவ்வளவு நீளமானது என்று தெரியும். எனக்கு ஐந்தாவது நிமிடத்தில் வலி அடங்கியது. கையை எடுத்ததும் எரிச்சல் திரும்ப ஏறியது. மீண்டும் நீருக்கு அடியில் வைத்தேன். பெரும்பாலானவர்கள் அந்த ஐந்தாவது நிமிடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். உடனே செய்ய முடியாமல் போனாலும், காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் இந்த நேரத்திலேயே கழற்றிவிட வேண்டும், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. தோலோடு ஒட்டிப்போன துணியை மட்டும் இழுக்கக் கூடாது.

ஐஸ் இன்னும் சிறப்பாகக் குளிர்விக்கும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அது ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. ஊசலாடும் வளையத்துக்கு மிச்சமிருந்த ரத்தமும் நின்றுபோகிறது. வெந்த தோல் குளிராலும் அடிபடுகிறது. மரத்துப்போவதால் வலி குறைந்ததுபோலத் தெரியும், ஆனால் காயம் ஆழமாகிக்கொண்டிருக்கலாம்.

பற்பசை, வெண்ணெய், எண்ணெய், முட்டையின் வெள்ளைக்கரு எல்லாவற்றிலும் குறை ஒன்றுதான். அவை சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கின்றன. கிருமிகளைக் கொண்டுவருகின்றன. காயத்தின் நிறத்தை மறைத்துவிடுவதால், பார்க்க வரும் மருத்துவர் முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுரண்டலின் வேதனையை நோயாளிதான் அனுபவிக்கிறார். பற்பசை தரும் குளிர்ச்சி புதினாச் சத்து நரம்பில் எழுப்பும் உணர்வு மட்டுமே. தோலின் சூடு அதனால் இறங்குவதில்லை.

தண்ணீரே கிடைக்காத இடத்தில் நீர் நிறைந்த ஜெல் கட்டுகள் உதவும். குழாய் இருக்கும் வீட்டில் அவை தேவையில்லை. கைக்குழந்தைக்கும், காயம் பெரிதாக இருப்பவருக்கும் குளிர்விக்கும்போது உடல் முழுதும் சில்லிட்டுப்போகும் ஆபத்து உண்டு. காயத்தின் மேல் மட்டும் நீர் விழட்டும், மீதி உடம்பைப் போர்வையால் மூடி வையுங்கள். நடுங்கத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

வீடா, மருத்துவமனையா?

இதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான பகுதி. வீட்டில் தவறு நடப்பது பெரும்பாலும் தவறான களிம்பால் அல்ல. வீட்டில் வைத்திருக்கக் கூடாத காயத்தை வீட்டில் வைத்திருப்பதால்தான்.

அளவைப் பார்க்க எளிய வழி, காயம்பட்டவரின் சொந்தக் கை. விரல்களைச் சேர்த்து நீட்டிய உள்ளங்கை அவர் உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். குழந்தையின் காயத்தைக் குழந்தையின் கையால்தான் அளக்க வேண்டும், நம் கையால் அல்ல. காயம்பட்டவரின் கையைவிடப் பெரிய கொப்புளக் காயம் என்றால் மருத்துவரிடம் போவதே சரி. என் காயம் அதில் பாதிக்கும் குறைவு.

ஆழத்தைப் பார்க்கக் கொஞ்சம் நிதானம் வேண்டும். சிவந்து, எரிந்து, கொப்புளம் இல்லாமல் இருந்தால் மேல்தோல் மட்டும்தான் பாதிக்கப்பட்டிருக்கிறது. அது ஒரு வாரத்தில், தழும்பு இல்லாமல் ஆறிவிடும். கொப்புளம் எழுந்து, அதன் அடித்தளம் இளஞ்சிவப்பாக, ஈரமாக, காற்றுப் பட்டாலே சுரீர் என்று வலித்தால் உள்தோலின் மேற்பகுதி வரை போயிருக்கிறது. சுத்தமான விரலால் மெல்ல அழுத்தினால் அந்த இடம் வெளுத்து, விரலை எடுத்ததும் சட்டென்று நிறம் திரும்பும். ரத்த ஓட்டம் உயிரோடு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இது பெரும்பாலும் இரண்டு வாரங்களில் ஆறும். நிறம் திரும்ப நேரமானாலோ, காயம் வெள்ளையும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தாலோ ஆழம் அதிகம். வெள்ளையாக, பழுப்பாக, பதனிட்ட தோல்போல விறைத்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் தோலின் முழுத் தடிமனும் போய்விட்டது. அங்கே வலி இருக்காது. நரம்பு முனைகளும் எரிந்துவிட்டதுதான் காரணம். "வலியே இல்லை, லேசான காயம்தான்" என்று யாராவது சொன்னால் எனக்கு அப்போதுதான் பயம் வருகிறது.

கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. மறு கையின் அதே இடத்தோடு வைத்துப் பாருங்கள். சூடு, பளபளப்பு, வீக்கம் ஆகியவற்றில் வேறுபாடு தெரியும்.

அளவு சிறியதாக இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாத காயங்கள் உண்டு. முகம், கை விரல்கள், பாதம், பிறப்புறுப்பு, மூட்டுகள் ஆகியவற்றில் பட்டவை. கையையோ காலையோ வளையம்போலச் சுற்றிவந்தவை. மின்சாரத்தாலோ ரசாயனத்தாலோ ஏற்பட்டவை. மூடிய அறைக்குள் புகையைச் சுவாசித்தவர்களின் காயங்கள். மின்சாரக் காயத்தில் வெளியே பொட்டுப்போலத்தான் தெரியும், உள்ளே தசையும் இதயத் துடிப்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். ரசாயனம் என்றால் இருபது நிமிடத்தையும் தாண்டி நீண்ட நேரம் கழுவிக்கொண்டே உதவியை அழைக்க வேண்டும். கைக்குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோருக்கும் சிறு காயத்தையே மருத்துவர் பார்த்துவிடுவது நல்லது. நீரிழிவால் பாத உணர்வு மங்கியவர்கள் வெந்நீரில் காலை வைத்துவிட்டு, வெந்துபோனது தெரியாமலேயே எழுந்து வருவதுண்டு.

மருத்துவமனைக்குப் போகும்போது எதுவும் பூசாமல், உணவைச் சுற்றப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் காயத்தின் மேல் தட்டையாகப் பரப்பி எடுத்துச் செல்லலாம். சுருளின் முதல் சுற்றைக் கிழித்து எறிந்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இறுக்கிச் சுற்றக் கூடாது, முகத்தில் போடக் கூடாது, ரசாயனக் காயத்துக்கும் இது வேண்டாம். இந்தத் தாள் ஒட்டாது, காற்றை மறைப்பதால் வலி குறையும், மருத்துவர் அதைப் பிரிக்காமலேயே காயத்தைப் பார்க்கலாம்.

முதல் நாள் பார்வையை மட்டும் நம்பிவிட வேண்டாம். அந்த இடை வளையத்தின் காரணமாக, முதல் நாள் லேசாகத் தெரிந்த காயம் மூன்றாம் நாள் ஆழமாகத் தெரியலாம். ஒவ்வொரு நாளும் ஒரே வெளிச்சத்தில் போன் கேமராவில் படம் எடுத்து வையுங்கள். நான் எடுத்தேன், பிறகு செவிலியரிடம் காட்டியபோது அதுவே பாதிக் கேள்விகளுக்குப் பதிலாக இருந்தது.

கொப்புளத்தை உடைப்பதா, விடுவதா?

சிறிய கொப்புளத்தைத் தொடாதீர்கள். அதன் மேல்தோல் கிருமி இல்லாத, வலி தெரியாமல் காக்கும் இயற்கைக் கட்டு. பெரிய கொப்புளத்தைப் பற்றி மருத்துவர்களிடையே இரு கருத்து உண்டு. அதையும் தொடாமல் விடுவதே மேல் என்பது ஒன்று. இறுகி, மூட்டின் அசைவைத் தடுப்பதையும், உடையும் நிலையில் இருப்பதையும் சுத்தமான கருவியால் நீக்கிவிட்டுக் கட்டுப் போடுவது மேல் என்பது மற்றொரு கருத்து. அடியில் இருக்கும் ஆழத்தைப் பார்க்கவும் அப்போதுதான் முடியும். அதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். வீட்டு ஊசியால் குத்துவதற்கு எந்தக் கருத்தின் ஆதரவும் இல்லை. தானாக உடைந்தால் சாதாரணச் சோப்பும் நீரும் கொண்டு மெல்லக் கழுவி, மூடிவிடுங்கள்.

எதைக் கொண்டு மூடுவது?

திறந்து போட்டால் காய்ந்து சீக்கிரம் ஆறும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் செய்த சோதனை அதை மாற்றியது. பாலிதீன் தாளால் மூடி ஈரமாக வைத்த காயங்கள், காற்றில் விட்டவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் புதுத் தோலால் மூடின. புதுத் தோலின் செல்கள் ஈரத்தின் மேல்தான் நகர்ந்து வருகின்றன. பொருக்குக் கட்டிவிட்டால் அதன் அடியில் வழி தேடிச் சுற்றிப்போக வேண்டியிருக்கிறது. எனவே உடைந்த காயத்துக்குத் திறந்த வைத்தியம் தோற்கிறது. கொப்புளம் இல்லாத வெறும் சிவப்புக்கு மட்டும் கட்டு தேவையில்லை. வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ சுத்தமான கற்றாழை ஜெல்லோ போதும்.

என் தவறு இங்கேதான் நடந்தது. இரண்டாம் நாள் கொப்புளம் உடைந்ததும், வீட்டில் இருந்த உலர்ந்த காஸ் துணியை அப்படியே வைத்துக் கட்டினேன். சுத்தமான துணிதானே என்ற எண்ணம். மறுநாள் காலையில் பிரித்தபோது கடைசி மடிப்பு வரவில்லை. காயத்திலிருந்து கசிந்த நீர் நூலிழைகளுக்குள் காய்ந்து, துணியும் சதையும் ஒன்றாகிவிட்டிருந்தன. ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன். நூல் சதுரங்களின் அச்சில் வரிசையாகச் சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள் கிளம்பின. முந்தின இரவில் முளைத்த புதுத் தோல் துணியோடு வந்துகொண்டிருந்தது. நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போனேன்.

"இழுக்காதீர்கள் அக்கா, அது தானாக விடும்" என்று சொல்லி, அந்தச் செவிலியர் உப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி ஊறவைத்தார். பத்து நிமிடம் கழித்துத் துணி நீரில் மிதந்தபடி தானாக விலகியது. அதன் பிறகு பாரஃபின் என்ற மெழுகுப் பசை தடவிய வலைக் காஸை வைத்து, மேலே உலர்ந்த காஸ், அதற்கும் மேல் தளர்வான பேண்டேஜ் போட்டார். "மேல் கட்டு நனைந்தால் மட்டும் மாற்றுங்கள். அடியில் இருப்பதைத் தினமும் பார்க்க வேண்டியதில்லை." அந்த ஒரு வாக்கியம்தான் என் காயத்தை ஆற்றியது என்று நினைக்கிறேன்.

பாரஃபின் வலைக் காஸ் எளிமையானது, எங்கும் கிடைப்பது. ஒரே குறை, இரண்டு மூன்று நாட்களில் அதன் பசை காய்ந்து அதுவும் லேசாக ஒட்டத் தொடங்கும். அது கிடைக்காதபோது காயத்தின் மேல் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகத் தடவி, ஒட்டாத பட்டையால் மூடினாலும் சிறு காயத்துக்கு அதே பலன் கிடைக்கும். ஜெல்லியைப் புதுக் குழாயிலிருந்து எடுங்கள். பலர் விரல் விட்ட டப்பா வேண்டாம்.

சிலிக்கோன் பூசிய வலைகளும் நுரைக் கட்டுகளும் இவற்றைவிட விலை கூடியவை. ஆனால் பல நாட்கள் தொடாமல் விடலாம், எடுக்கும்போது வலிக்காது. குழந்தைக்கு என்றால் நான் தயங்காமல் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒவ்வொரு கட்டு மாற்றமும் குழந்தைக்கு ஒரு புதிய பயம். ஐந்து முறை அழவைப்பதை ஒரு முறையாகக் குறைக்க முடியும் என்றால் அந்த விலை பெரிதில்லை. நீரை உறிஞ்சி ஜெல்லாக மாறும் ஹைட்ரோகொலாய்டு பட்டைகள், கசிவு குறைந்த, சிறிய, சுத்தமான காயத்துக்குப் பொருந்தும். நீர் ஊறிக்கொண்டே இருக்கும் முதல் நாட்களில் அவை ஓரமாகக் கசிந்து நழுவிவிடும்.

இனி அந்த வெள்ளைக் களிம்பு. சில்வர் சல்ஃபாடையாசின் 1968-இல் அறிமுகமானது. பெரிய தீக்காயங்களில் கிருமித் தொற்றால் உயிர் போவதைத் தடுக்க அது பெரும் பங்காற்றியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. சிறிய, சுத்தமான காயத்துக்கு அதே மருந்து தேவையா என்பதுதான் கேள்வி. தீக்காயக் கட்டுகளைப் பற்றி 2013-இல் வெளிவந்த காக்ரேன் திறனாய்வு (பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை), இந்தக் களிம்பு போட்ட காயங்கள் சிலிக்கோன், வெள்ளி கலந்த கட்டுகள் போன்றவற்றைவிட மெதுவாகவே ஆறின என்று காட்டியது. தினமும் ஒன்றிரண்டு முறை கழுவித் துடைத்து மறுபடி பூச வேண்டும். பூசிய சில மணி நேரத்தில் காயத்தின் மேல் சாம்பல் நிறப் படலம் படிகிறது. அது சீழா, இறந்த தோலா, களிம்பா என்று அனுபவசாலிகளுக்கே குழப்பம் வரும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், பிரசவ நாள் நெருங்கியவர்கள், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு அது ஆகாது. மருத்துவர் சொன்னால் போடுங்கள். அலமாரியில் இருக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள்.

தேன் என்னை ஆச்சரியப்படுத்தியது. 2015-இல் வந்த காக்ரேன் திறனாய்வு, கொப்புளம் எழும் அளவு ஆழமான காயங்கள் தேனால் வழக்கமான கட்டுகளைவிட நான்கைந்து நாட்கள் முன்னதாக ஆறுகின்றன என்கிறது. ஆனால் கிருமி நீக்கிய மருத்துவத் தேனைத்தான் காயத்துக்கு நம்பலாம். சமையலறைப் புட்டியில் இருக்கும் தேனில் நச்சுக் கிருமிகளின் வித்துகள் இருக்கக்கூடும். புட்டித் தேனை வைத்துக்கொண்டு திறனாய்வை மேற்கோள் காட்டுவது சரியல்ல.

வலி, ஊசி, மாத்திரை

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதில் லாபம் எதுவும் இல்லை. பெரியவர்களுக்கு பாரசிட்டமால் 500 முதல் 1000 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 கிராமுக்கு மிகாமல் எடுக்கலாம். உடல் எடை குறைந்தவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு எடையைப் பொறுத்த அளவு. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. கட்டு மாற்றுவதற்கு அரை மணி முன்னதாக மாத்திரை போட்டுக்கொண்டால் மாற்றுவது எளிதாகும். கையில் காயம் என்றால் முதல் இரண்டு நாட்கள் தலையணையில் உயர்த்தி வையுங்கள். வீக்கத்தோடு வலியும் வடியும்.

தொற்று வராமல் தடுக்க என்று முன்கூட்டியே ஆன்டிபயாடிக் மாத்திரை எடுப்பது சிறு காயத்துக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கட்டைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, குறைந்த வலி மறுபடி கூடுவது, துர்நாற்றம், சீழ், காய்ச்சல் ஆகிய எதைக் கண்டாலும் அன்றே போக வேண்டும். சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை இன்னும் விழிப்பு வேண்டும். காயம் சிறியதாக, பார்க்கச் சுத்தமாகவே இருக்கும். ஆனால் சில நாட்களில் கடும் காய்ச்சல், உடலில் தடிப்பு, வாந்தி அல்லது பேதி, துவண்டு போதல் ஆகியவை வரும். கிருமியின் நச்சு ரத்தத்தில் பரவியதன் அறிகுறி அது. சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நிலையில் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் "இந்த வாரம் தீக்காயம் பட்டது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மூடிய பிறகு

என் காயம் பன்னிரண்டாம் நாள் மூடியது. மெல்லிய, பளபளக்கும், இளஞ்சிவப்புத் தோல். அதற்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது, எனவே வறண்டு அரிக்கும். சொறிந்தால் திறந்துவிடும். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தடவினேன், இரவில் அரிப்பு தாங்காதபோது மருத்துவர் ஒவ்வாமை மாத்திரை கொடுத்தார். வெயில் படாமல் ஒரு வருடமாவது மறைத்து வைக்க வேண்டும், முழுக்கையோ எஸ்பிஎஃப் 30-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனோ. இல்லாவிட்டால் அந்த இடம் நிரந்தரமாகக் கருத்துவிடலாம்.

இரண்டு வாரம் முடிந்தும் காயம் மூடவில்லை என்றால் கட்டின் வகையை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். மூன்று வாரத்தைத் தாண்டி ஆறும் காயங்களில்தான் தடித்து, இழுத்துப் பிடிக்கும் தழும்புகள் அதிகம் வருகின்றன. பதினான்காம் நாளே தீக்காய மருத்துவரிடம் போனால், தோல் ஒட்டு தேவையா என்று முடிவுசெய்ய அவருக்கு ஒரு வாரம் கிடைக்கும்.